வெயிலில் வைத்த ஆளிவிதை எண்ணெய்

திங்கட்கிழமை எண்ணெய் ஆலைக்கு வேலைக்கு வரப்போகிற பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். மூன்று பேர் என்று கேள்விப்பட்டேன். முதலாளித் தம்பி வீட்டுக்கு வந்து, கதைக்கிற மாதிரியே எழுதித் தாங்கோ அக்கா என்று கேட்டார். நான் கதைப்பது குறைவு. எழுதுவது அதைவிடக் குறைவு. தெரிந்ததை எழுதுகிறேன்.

மெசினைப் பற்றி எழுதமாட்டேன். அதை மூன்று நாளில் பழகிவிடுவீர்கள். விதை எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும், பிண்ணாக்கு எப்போது சரியாக விழுகிறது என்பதெல்லாம் கை தானாகப் பிடித்துக்கொள்ளும். வாய்தான் பழகாது. அதற்காகத்தான் இந்தக் கடதாசி.

இப்போதைய முதலாளித் தம்பியின் தகப்பன் முதலாளியாக இருந்த காலத்திலேயே நான் அந்த ஆலையில் வேலை செய்தேன். இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கிளிநொச்சியில் மறுபடி திறந்தபோதும் நான்தான் முதல் எள்ளைக் கொட்டினேன். போன தையோடு முழங்கால் போதும் என்றது. விலகிவிட்டேன். இத்தனை வருசத்தில் மெசினில் ஒரு விரல் நசிந்தது. வாயால் ஒரு பிழை நடந்தது. விரல் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது.

உங்களிடம் அதிகம் கேட்கப்போகிற சாமான் ஆளிவிதை. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, தட்டை, மினுக்கம். இந்த மண்ணில் விளைவதில்லை. கொழும்பிலிருந்து மூட்டையில் வரும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற ஆட்கள்தான் முதலில் கேட்டு வந்தார்கள். மகள் கனடாவில் இருந்து போன் எடுத்துச் சொல்லியிருப்பாள். தாய் அந்தச் சாமானின் பெயரைக் கடதாசியில் எழுதிக்கொண்டு வருவா. இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். விதையாகக் கேட்பார்கள், மாவாகக் கேட்பார்கள், எண்ணெயாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, இது என்னத்துக்கு நல்லது என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

நல்லதுதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நானே காலையில் ஒரு கரண்டி மா சாப்பிடுகிறேன். வயிறு ஒழுங்காகப் போகும். அது எல்லோருக்கும் தெரிந்த பலன். கொலஸ்ரரோலைக் கொஞ்சம் இறக்கும். சிலருக்குப் பிறஷரையும் கொஞ்சம் இறக்கும். மீனில் இருக்கிற நல்ல கொழுப்புக்கு உறவான ஒரு கொழுப்பு இதில் இருக்கிறது. மாவில் நார் இருக்கிறது. எண்ணெயில் நார் இல்லை, கொழுப்பு மட்டும். வயிறு போகவில்லை என்று வருபவருக்கு எண்ணெயை விற்காதீர்கள். மாவைக் கொடுங்கள்.

நான் கொஞ்சம் என்று எழுதினேன். அந்தச் சொல்லை நீங்களும் விடாதீர்கள். அதை விட்டால் விற்பனை கூடும். வேறு என்ன கூடும் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு ரீச்சர் அம்மா விதையாக வாங்கிப் போனா. இரண்டு மாதம் தயிரில் போட்டுத் தின்றா. பிறகு வந்து, மெல்லிய குரலில், போட்டது போட்ட மாதிரியே போகுது அக்கா என்று முறையிட்டா. முழுவிதையாக விழுங்கினால் அப்படித்தான். கோழிக்கு நெல்லுப் போட்டால் செரிக்கும். கோழியின் உள்ளே அரைக்கிறதுக்குக் கல் கிடக்கிறது. எங்களுக்கு இல்லை. அன்றிலிருந்து விதை கேட்பவரிடம் வீட்டில் அரைக்க ஏதும் இருக்கிறதா என்று கேட்பேன். இல்லை என்றால் ஆலையிலேயே அரைத்து, இரண்டு கிழமைக்கு, அதாவது பதினாலு நாளைக்குக் காணக்கூடிய அளவுதான் கொடுப்பேன். அரைத்த மா கன நாள் நிற்காது.

பூவரசங்குளத்தில் இருந்து ஒரு விவசாயி வந்தார். நல்ல உழைப்பாளி. மாவை வாங்கி, வயலுக்குப் போகிற அவசரத்தில் இரண்டு கைபிடி வாயில் கொட்டிக்கொண்டு போனார். தண்ணீர் குடிக்கவில்லை. மா உள்ளே போய் ஊதிக் கட்டியாக நின்றுவிட்டது. மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் வாங்கும்போது நான் தண்ணீர் என்ற சொல்லைச் சொல்லவில்லை. ஒரு கரண்டி, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர். இதைச் சொல்லாமல் ஒரு பையைக்கூடக் கொடுக்காதீர்கள்.

இவை சின்னப் பிழைகள். இனிப் பெரியது.

நல்லெண்ணெய் ஊற்றினால், அதுதான் எள்ளை ஆட்டி எடுத்தால், நாங்கள் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். போத்தலிலோ பாத்திரத்திலோ விட்டு, வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி, வெயிலில் வைப்போம். மண்டி அடியில் இறங்கும். எண்ணெய் மேலே தெளிந்து நிற்கும். எங்கள் ஆட்களுக்குத் தெளியாத எண்ணெய் எண்ணெயே இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தால்தான் கையில் எடுப்பார்கள்.

ஆளிவிதை எண்ணெய் முதல் முறை ஊற்றினபோது நான் அதையே செய்தேன். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பன்னிரண்டு போத்தல், வெள்ளைக் கண்ணாடி. துணி கட்டி, முற்றத்துச் சீமெந்தில் வரிசையாக வைத்தேன். நல்ல எறிப்பு. மூன்று நாள். நிறம் பொன்னாக வந்தது. எனக்குப் பெருமை. மணம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. புது எண்ணெய்தானே, அதன் மணம் இதுவாக்கும் என்று நினைத்தேன். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

எள்ளுக்கு நல்லது ஆளிக்கு நஞ்சு மாதிரி. எள்ளெண்ணெய் வெயிலைத் தாங்கும். ஆளி எண்ணெய் வெயிலுக்கும் சூட்டுக்கும் காற்றுக்கும் ஆகாது. பழுதாகிவிடும். இது எனக்கு அன்று தெரியாது.

அந்தப் பன்னிரண்டில் ஒன்றை வாங்கினவர் மரியநாயகம் அண்ணை. முல்லைத்தீவுக் கரை ஆள். சின்ன வயதில் கடலில் மீன்பிடி, இப்போது கடலும் கரையோரக் களப்பும். புதன்கிழமைகளில் கிளிநொச்சிச் சந்தைக்குக் கருவாடு கொண்டு வருவார். முந்திய வருசம் நெஞ்சு நோவோடு ஆஸ்பத்திரியில் கிடந்து தப்பினவர். பிறஷருக்கும் கொலஸ்ரரோலுக்கும் கிளினிக்கில் குளிசை கொடுத்திருந்தார்கள். வெளிநாட்டு மகள் ஆளிவிதை எண்ணெய் குடியுங்கோ அப்பா என்று சொல்லியிருந்தாள்.

அன்று புதன். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாறு பேர் நின்றார்கள். மீனில் இருக்கிற சத்து மாதிரி இதிலும் இருக்கு என்று நான் அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அப்ப நான் விக்கிற சாமானைத்தான் எனக்கு விக்கிறியள் என்றார். போத்தலைச் சுற்றிக் கொடுத்தேன். அவர் போகாமல் நின்றார். மெசின் சத்தத்தில் குனிந்து, என் காதுக்குக் கிட்ட வந்து கேட்டார்.

"தங்கச்சி, இதை எடுத்தா அந்தக் குளிசையளை விடலாமோ?"

நான் அடுத்த ஆளின் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"விடலாமெண்டுதான் சனம் சொல்லுது."

மூன்று சொல். அவ்வளவுதான் என் பிழை. நான் சொல்லவில்லை, சனம் சொல்கிறது. அப்படித்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். பிள்ளைகள், எதை வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், சனம் சொல்லுது என்று மட்டும் சொல்லாதீர்கள். சனம் ஆலையில் நிற்பதில்லை. நிற்பது நீங்கள்.

பிறகு மழை பிடித்தது. அடுத்த முறை ஊற்றினதை வெயிலில் வைக்க முடியவில்லை. உள்ளே அலுமாரியில் இருட்டில் வைத்தேன். கொஞ்சம் மங்கலாக இருந்தது. எனக்கு அது குறையாகப்பட்டது. நான் இல்லாத ஒரு புதன்கிழமை மரியநாயகம் அண்ணை வந்து அதில் ஒரு போத்தல் வாங்கிப் போயிருக்கிறார்.

அடுத்த புதன் அந்தப் போத்தலோடு வந்தார். முதல் முறை வாங்கி அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. மழை விட்டு நல்ல வெயில். கடையில் நாலைந்து பேர். முதலாளித் தம்பியும் மேசையில் இருந்தார். அண்ணை போத்தலை என் முன்னால் வைத்தார்.

"இது என்ன, தங்கச்சி? தண்ணி."

என்ன குறை என்று கேட்டேன்.

"முதல் தந்தது கசந்தது. தொண்டையைப் பிடிச்சது. அதெல்லோ மருந்து. வேப்பெண்ணெய் இனிச்சா ஆரும் பூசுவினமோ?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்குச் சந்தோசம். இன்னும் சொன்னார். மீன் சத்து இருக்கு என்று சொன்னீர்கள், முதல் போத்தலைத் திறந்தாலே மீன் மணந்தது, இதில் ஒரு மணமும் இல்லை என்றார். அதில் நாலு விரல் மிச்சம் வைத்திருக்கிறேன், வீணாக்க மனம் இல்லை, அது மாதிரி ஒன்று தாங்கோ என்றார். அலுமாரித் தட்டில் அந்த முதல் பன்னிரண்டில் ஒரு போத்தல் மிஞ்சி இருந்தது. அதை விரலால் காட்டினார்.

அப்போதுதான் நான் இரண்டையும் நாக்கில் வைத்தேன். அவர் திருப்பிக் கொண்டு வந்தது மெல்லிய கச்சான் கடலை ருசி. நல்ல எண்ணெய். தட்டில் இருந்தது கசப்பு. பழைய பெயின்ற் தகரத்தைத் திறந்த மாதிரி மணம், அதற்கு அடியில் மீன் வாடை. ஒன்றை வெயிலில் வைத்தேன், மற்றதை வைக்கவில்லை. வேறு வித்தியாசம் இல்லை. எனக்கு விளங்கிவிட்டது.

முதலாளித் தம்பிக்கு விளங்கவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் கேக்கிறதைக் குடுங்கோ அக்கா, வெயிலும் எறிக்குது, திருப்பித் தந்ததையும் வெளியிலை வையுங்கோவன் என்றார்.

அண்ணை தலையை ஆட்டினார். பிறகு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"அதைக் குடிக்கத் தொடங்கின நாளில இருந்து குளிசை தொடேல்லை. ஒரு மாசம். பிடரி மட்டும் கொஞ்சம் நோகுது. அது வெயிலுக்கு."

அவர் கண் சிவந்து இருந்தது. மூக்கு நுனியும். நெஞ்சு நோவில் ஒருமுறை தப்பின மனிதர் ஒரு மாதமாகக் குளிசை இல்லாமல் படகில் போகிறார். என் மூன்று சொல்லை நம்பி.

இந்த இடத்தில் ஒரு மனிதருக்கு இரண்டு வழி இருக்கும். கூட்டத்தில் சிரித்துவிட்டு, பிறகு தனியே சொல்லலாம். அல்லது இப்போதே சொல்லலாம். பிறகு என்று விட்டால், அவர் நாலு மணி பஸ்சில் போய்விடுவார். அடுத்த புதன் வருவாரோ தெரியாது.

நான் எழும்பி மெசினை நிற்பாட்டினேன். பிழையைச் செய்தபோது மெசின் ஓடியது. அதைச் சொல்லும்போது ஓடக்கூடாது. சத்தம் நின்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணை, அது பழுதாப்போன எண்ணெய். பழுதாக்கினது நான். வெயிலில வச்சிட்டன். குளிசையை விடலாமெண்டு சொன்னதும் நான்தான். அது பிழை. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

அவர் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அப்ப அண்டைக்குப் பொய் சொன்னனீங்களோ, இண்டைக்குப் பொய் சொல்லுறியளோ?"

"அண்டைக்கு."

அவர் கருவாட்டுப் பையைத் தோளில் போட்டார். குடுக்க மனமில்லாட்டி இல்லையெண்டு சொல்லலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நல்ல போத்தலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். வரிசையில் நின்ற ஒரு பெண், தன் வீட்டிலும் அந்தக் கசப்பு எண்ணெய் இருக்கு, கொண்டு வரவா என்று கேட்டா. கொண்டு வரச் சொன்னேன். மற்றவர்கள் ஒன்றும் வாங்காமல் போனார்கள்.

முதலாளித் தம்பி மேசையை விட்டு எழும்பினார். பிறகு, உள்ளுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் அக்கா என்றார். நான், உள்ளுக்குச் சொன்னால் வாங்கிப் போன மற்றவர்களுக்கு ஆர் சொல்லுறது என்று கேட்டேன். அவர் கொப்பியை எடுத்தார். போத்தல் வாங்கினவர்களின் பெயரை நினைவுபடுத்தி எழுதத் தொடங்கினார். அதற்காக நான் இன்றும் அவரை மதிக்கிறேன்.

எங்களிடம் நல்லெண்ணெய் வாங்குகிற நேர்ஸ் ஒருவா இருக்கிறா. என்னைவிட முப்பது வயது குறைவு. பெயர் எழுதவேண்டாம் என்று சொல்லியிருக்கிறா. இந்த வேலையில் எனக்குப் புத்தி சொன்ன ஆள் அவாதான். அன்று போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். நாளைக்கு நானே போய், விட்ட குளிசையெல்லாம் சேர்த்துப் போடச் சொல்கிறேன் என்றேன். அவா என்னைத் தடுத்தா.

"அக்கா, நீங்கள் வைத்தியம் சொல்லாதேங்கோ. ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தாக் காணும். ஏன் விட்டவர் எண்டு முதல் கேளுங்கோ. குளிசை ஏதோ செய்யுதெண்டுதான் கனபேர் விடுறவை. அதைச் சொன்னா டொக்டர் மாத்திக் குடுப்பார்."

ஒரு பிழையைத் திருத்தப் போய் அடுத்ததைச் செய்ய இருந்தேன். பயந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பயம் வந்தால் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். வயதைப் பார்க்காதீர்கள்.

மறுநாள் காலை முல்லைத்தீவு பஸ்சில் ஏறினேன். கையில் எண்ணெய் கொண்டு போகவில்லை. கொண்டு போனால் விற்க வந்த மாதிரி இருக்கும்.

கரையில் கேட்டவுடன் வீட்டைக் காட்டினார்கள். அண்ணை களப்புக்குப் போயிருந்தார். மனைவி பிலோமினா அக்கா வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. ஆலையில் இருந்து வந்தேன் என்றதும் கை கழுவிக் கதிரை எடுத்துப் போட்டா. உங்கடை மருந்து நல்லா வேலை செய்யுதெண்டு இவர் ஊரெல்லாம் சொல்லுறார் என்றா. உள்ளே மாதா சுருவச் சிலைக்குப் பக்கத்தில் அந்த முதல் போத்தல் நின்றது. நாலு விரல் எண்ணெய். பக்கத்தில் மெழுகுதிரி.

நான் குளிசையைக் கேட்டேன். ஒழுங்காகப் போடுறார் என்றா. பார்க்கலாமோ என்றேன். அவா உள்ளே போய் அலுமாரியைத் திறந்தா. வெளியே வரும்போது கையில் ஆஸ்பத்திரிக் கடதாசி உறைகள்.  வாசற்படியில் இருந்துவிட்டா.

"நான் ஒவ்வொரு நாளும் குளிசைக்கெண்டு தண்ணி வார்த்துக் குடுத்தனான். அந்த எண்ணெயைக் குடிச்சிட்டு இந்தத் தண்ணியைக் குடிச்சிருக்கிறார்."

நான் கதிரையை விட்டு இறங்கி அவாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். 

கொஞ்ச நேரத்தில் அண்ணை வந்தார். என்னைக் கண்டதும், ஆலையையும் தூக்கிக்கொண்டு வந்தனீங்களோ என்று கேட்டார். பிறகு மனைவியின் மடியில் உறைகளைக் கண்டார். கூடையை இறக்கினார்.

நான் அவரிடம் படகுக்குப் பூசின பெயின்ற் மிச்சம் இருக்கோ என்று கேட்டேன். இது என்ன கேள்வி என்று பார்த்தார். படகில் சிலுவையும் பெயரும் அவரே எழுதினது, வரும்போது கண்டிருந்தேன். கொட்டிலுக்குள் இருந்து தகரத்தைக் கொண்டு வந்தார். மூடியைத் திறந்து மணக்கச் சொன்னேன். பிறகு சுருவத்தடியில் இருந்த போத்தலை மணக்கச் சொன்னேன். மூடியைச் சுற்றி எண்ணெய் தோல் மாதிரிக் காய்ந்து ஒட்டியிருந்தது. திருகித்தான் திறந்தார். மணந்தார். திரும்பத் தகரத்தை மணந்தார். இன்னொருக்கால் போத்தலை. இரண்டும் ஒரே மணம்.

"நான் மீனெண்டுதான் நினைச்சன்" என்றார்.

போத்தலை எடுத்துப் போய் வேலியடியில் ஊற்றினார். வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. நல்ல எண்ணெயைத் தாங்கோ, அதைக் குடிக்கிறன், குளிசை மட்டும் வேண்டாம் என்றார். நேர்ஸ் சொன்னது நினைவு வந்தது. ஏன் அண்ணை விட்டனீங்கள் என்று கேட்டேன்.

அவர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அதைப் போட்டால் எழும்பேக்க தலை சுத்துது. வீட்டில சுத்தினா இருக்கலாம். படகில சுத்தினா ஆள் இல்லை. இதை ஆருக்குச் சொல்லுறது? அவளுக்குச் சொன்னா என்னைக் கடலுக்கு விடமாட்டாள்."

அவர் குளிசையை விட ஏற்கெனவே ஒரு காரணத்தோடு இருந்தவர். ஆலைக்கு வந்தது ஒரு சாட்டுத் தேடி. அந்தச் சாட்டை நான் கொடுத்தேன். அவ்வளவுதான். ஒரு சாமான் நல்லதோ கூடாதோ என்பது ஒரு பக்கம். வாங்க வருகிறவர் அதை என்னத்துக்குப் பதிலாக வாங்குகிறார் என்பது மறுபக்கம். நாங்கள் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து விற்கிறோம்.

 பிலோமினா அக்காதான் பேசினா. எழும்பவில்லை, குரலும் உயரவில்லை.

"மாதாவைக் கும்பிட்டிட்டுத்தான் கடலுக்குப் போறனீங்கள். அதுக்காக எஞ்சினைக் கழட்டி வச்சிட்டே போறனீங்கள்?"

அவர் தலையைக் குனிந்தார். தலை சுற்றுகிறது என்று அங்கே சொன்னால் குளிசையை மாற்றித் தருவார்கள் என்று நான் சொன்னேன்.

"ஆர் சொன்னது? சனமோ?"

"இல்லை அண்ணை. நேர்ஸ் ஒருவா. வேணுமெண்டால் இப்ப போன் எடுத்துத் தாறன்."

போன் வேண்டாம் என்றார். வேறு சேட்டுப் போட்டார். கிளினிக் கொப்பியை மனைவி எடுத்தா. ஓட்டோவில் மூன்று பேரும் போனோம். ஆஸ்பத்திரியில் பிறஷர் பார்த்தார்கள். பார்த்தவர் ஒருமுறை நிறுத்தி, திரும்பவும் பார்த்தார். பிறகு வீட்டுக்கு விடவில்லை. இரண்டு நாள் வைத்திருந்து குளிசையை மாற்றிக் கொடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று டொக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

முதலாளித் தம்பியும் நானும் மற்றப் போத்தல்களைத் திருப்பி எடுத்தோம். எல்லாம் கிடைக்கவில்லை. கிடைத்ததைக் கொட்ட மனம் வரவில்லை. குடிக்க ஆகாத ஆளி எண்ணெய் மரத்துக்கு ஆகும். ஆலையின் மரக் கதவுக்குப் பூசினோம். இன்றும் மினுங்குகிறது. திங்கட்கிழமை நீங்கள் தள்ளித் திறக்கப்போவது அந்தக் கதவைத்தான்.

அதற்குப் பிறகு ஆளி எண்ணெய் வெயிலைக் காணவில்லை. கறுத்தப் போத்தல், நிறைய விடவேண்டும், உடனே மூட வேண்டும், குளிரில் வைக்க வேண்டும். ஒரு கிழமைக்குக் காணக்கூடியதைத்தான் ஊற்றுங்கள். மங்கலாக இருக்கிறது என்று யாரும் சொன்னால், அது அப்படித்தான் என்று சொல்லுங்கள். திறந்த போத்தலை ஒரு மாதத்துக்குள் முடிக்கச் சொல்லுங்கள். பொரிக்கவேண்டாம், சுட வைக்கவேண்டாம். சோற்றிலோ சம்பலிலோ ஒரு கரண்டி விட்டால் போதும். கசந்தால் குடிக்கவேண்டாம், திருப்பிக் கொண்டு வரச் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் கசப்பை நம்புவார்கள், அதனால் இதை இரண்டு தரம் சொல்லுங்கள். குளிசை போடுபவர் என்றால் குளிசைக்கும் மாவுக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விடச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர், பிள்ளைத்தாய்ச்சி, இவர்கள் டொக்டரைக் கேட்ட பிறகு வரட்டும். வியாபாரம் எங்கும் ஓடிப் போகாது.

என்னத்துக்கு நல்லது என்று அவர்கள் கேட்கும் முன்னர், என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று நீங்கள் கேளுங்கள். முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். மெசின் சத்தமாக இருந்தால் நிற்பாட்டுங்கள். எள்ளு காத்திருக்கும்.

மரியநாயகம் அண்ணை ஆஸ்பத்திரியில் இருந்து வந்து மூன்றாவது புதன் ஆலைக்கு வந்தார். கருவாட்டுப் பையை இறக்கி வைத்தார். உடனே எண்ணெய் கேட்கவில்லை. சேட்டுப் பைக்குள் இருந்து கடதாசி உறையை எடுத்து, மேசையில் ஒரு குளிசையை வைத்து, தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். என் முன்னால் விழுங்கினார். வெறும் கிளாசைக் கவிழ்த்துக் காட்டினார்.

"தலை சுத்தேல்லை. இப்ப சுத்தித் தாங்கோ, தங்கச்சி" என்று போத்தலைக் காட்டினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு புதனும் அப்படித்தான். நான் விலகின பிறகும் வருகிறார் என்று முதலாளித் தம்பி சொன்னார். நீங்கள் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறீர்கள். புதன்கிழமை பதினொரு மணி போல அவர் வருவார். கறுத்த, உயர்ந்த ஆள், தோளில் பை, கருவாட்டு மணம். முதலில் தண்ணீர் கொடுங்கள். எண்ணெய் பிறகு.